அணைந்ததை யார் பார்த்தது?

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று அலுவலகத்திலிருந்து கேட்டார்கள். சர்வரை நிறுவுவது, மென்பொருளைப் புதுப்பிப்பது, எந்த எச்சரிக்கை வந்தால் எந்தப் பக்கத்தைத் திறப்பது என்பதெல்லாம் இப்போது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஆகவே அந்தப் பக்கமே போகவில்லை. ஒரு கோடை மழை நாளின் பிற்பகலில் நடந்ததையும் அதற்குப் பிறகு நடந்ததையும் மட்டும் சொல்கிறேன். படித்துவிட்டு உங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிட வேண்டும். என் பெயர் வசந்தா. ஊர் அதியமான்கோட்டை. டிப்ளமோ முடித்துவிட்டு ஒரு தனியார் ஆலையின் மின் கட்டுப்பாட்டு அறையில் நெடுங்காலம் வேலை பார்த்தேன். ஆலையை மூடினார்கள். வேறு வேலை தேடிக்கொண்டிருந்தபோது, தருமபுரியில் ஒருவர் வேலிடேட்டர் நடத்தும் கம்பெனி தொடங்குகிறார், ராத்திரி பகலாகத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டேன். வேலிடேட்டர் என்றால் என்னவென்று அப்போது எனக்குத் தெரியாது. திரையைப் பார்த்துக்கொண்டிருக்கத் தெரியும். சேர்ந்துவிட்டேன்.

அந்த ஒருவர் கோவிந்தன். கம்பைநல்லூர்க்காரர். பெங்களூரில் மென்பொருள் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவர். என்னைவிட வயதில் சிறியவர். என்னை அக்கா என்பார், நான் சார் என்பேன். நல்ல மனிதர், பொறுமைதான் கொஞ்சம் குறைவு. போன் அடித்தால் முழுதாக ஒரு முறை அடிக்க விடமாட்டார்.

தொழிலை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்பதைச் சொல்கிறேன். பல ஊர்க் கணினிகள் சேர்ந்து எழுதும் பொதுக் கணக்கேடான பிளாக்செயின் நெட்வொர்க்கில் நடப்பதெல்லாம் சரிதான் என்று சாட்சி சொல்வது வேலிடேட்டர். சாட்சி சொல்ல வருகிறவர் முதலில் பணத்தைப் பிணையாகக் கட்ட வேண்டும். ஒழுங்காகச் சொன்னால் கூலி கிடைக்கும். வாயை மூடிக்கொண்டிருந்தால் பிணையில் சொட்டுச் சொட்டாகக் கழியும். அது பெரிய இழப்பு இல்லை. ஆனால் ஒரே விஷயத்தைப் பற்றி ஒன்றுக்கொன்று முரணாக இரண்டு சாட்சி சொன்னால், நெட்வொர்க் பிணையில் ஒரு பங்கை வெட்டிவிட்டு ஆளை வெளியே தள்ளிவிடும். போன வேலிடேட்டர் திரும்ப உள்ளே வர முடியாது. இந்த வெட்டுக்குத்தான் ஸ்லாஷிங் என்று பெயர். அதோடு, பல வேலிடேட்டர்கள் ஒரே சமயத்தில் இந்தத் தவறைச் செய்தால் கூட்டுச் சதி என்று கணக்காகி வெட்டும் பெரிதாகும். எங்களிடம் இருந்தவை அத்தனையும் ஒரே சர்வரில் ஓடின. வெட்டு விழுந்தால் எல்லாவற்றுக்கும் சேர்ந்துதான் விழும்.

பிணை கட்டியவர்கள் நாங்கள் இல்லை. கோவிந்தனின் சொந்தக்காரர்கள், பெங்களூரில் ஒரு நிறுவனம், இன்னும் பலர். தருமபுரியில் ஓய்வு பெற்ற ஸ்டெல்லா டீச்சர் ஒருவர். வெளிநாட்டில் இருக்கும் அவருடைய மகன், தான் சேர்த்த பணத்தை அவர் பெயரில் எங்களிடம் பிணையாகக் கட்டியிருந்தான். டீச்சர் மாதம் ஒரு முறை அலுவலகத்துக்கு வந்து, திரையில் தன்னுடைய வேலிடேட்டர் எது என்று கேட்டு, அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போவார்.

எங்கள் சர்வர் மாரண்டஹள்ளியில் இருந்தது. ஓசூர் பக்கத்திலிருந்து வரும் இணைய லைன் அங்கே நன்றாகக் கிடைத்தது, வாடகையும் குறைவு. ஒரு வணிக வளாகத்தின் மாடியில் அறை. அதைப் பார்த்துக்கொள்ள அந்த ஊர்க்காரனே ஒருவன் இருந்தான், திம்மராஜ். வீட்டில் தெலுங்கு, கடைத்தெருவில் கன்னடம், எங்களிடம் தமிழ் என்று மூன்றையும் கலந்து பேசுவான். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது.

தருமபுரி அலுவலகத்தில் இன்னொரு சர்வரைத் தயாராக வைத்திருந்தோம். சாட்சியில் கையெழுத்துப் போடும் அதே ரகசியச் சாவிகள் அதிலும் உண்டு, ஆனால் அது உறங்கிக்கொண்டிருக்கும். மாரண்டஹள்ளி செத்தால் இதை எழுப்பிக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. இதில்தான் ஆபத்தும் இருந்தது. ஒரே சாவியோடு இரண்டு சர்வரும் விழித்திருந்தால், ஒரே ஆள் இரண்டு கூண்டில் ஏறிச் சாட்சி சொன்னதற்குச் சமம். இரண்டும் சொல்வது எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால் பிழைக்கலாம். ஓரிடத்தில் மாறினாலும் போச்சு. மழை பெய்தது, லைன் அறுந்தது என்று நெட்வொர்க்கிடம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. அங்கே கேட்பதற்கு ஆள் கிடையாது.

அன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு காற்று கிளம்பியது. பாலக்கோடு பக்கம் வானம் கறுத்திருந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சிறிது நேரத்தில் திரையில் எங்கள் வேலிடேட்டர்கள் எல்லாம் ஒன்றாகப் பேச்சை நிறுத்தின. மாரண்டஹள்ளி சர்வருக்குள் போக முயன்றேன், வழி இல்லை. அங்கே இருக்கும் யாருடைய போனுக்கும் லைன் போகவில்லை. திம்மராஜ் மட்டும் கிடைத்தான். ஒரு துக்க வீட்டுக்காகப் பாலக்கோடு வந்திருந்தான்.

"மரமெல்லாம் சாஞ்சு கெடக்குதுங்க அக்கா. நான் வண்டிய எடுத்துட்டு கெளம்பறனுங்க" என்றான்.

"மெதுவா போ. போய்ப் பாத்துட்டு போன் பண்ணு" என்றேன்.

அதற்குள் கோவிந்தன் வந்துவிட்டார். திரையைப் பார்த்தார்.

"அக்கா, இங்க இருக்கறத எழுப்பிடுங்க."

"அங்க இருக்கறது செத்துருச்சானு தெரியணுங்க சார்."

"பேசவே இல்லையே. கண்ணு முன்னாடி இருக்குது."

"பேசல. செத்துருச்சானு தெரியாது."

அவருக்கு இது வார்த்தை விளையாட்டாகத் தோன்றியிருக்கலாம். எனக்கு அப்படி இல்லை. ஆலையில் ஒரு லைனில் கை வைப்பதற்கு முன்னால், அதில் மின்சாரம் இல்லை என்பதை ஒருவர் நேரில் போய்ப் பார்த்துச் சொல்ல வேண்டும். மீட்டரில் முள் விழுந்திருக்கிறது என்பதை நம்பிக் கை வைத்தவர் ஒருவரை நான் அறிவேன். அவர் வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போயிருக்கிறேன். மாரண்டஹள்ளி அறையில் இன்வெர்ட்டர் இருந்தது. இணைய லைன் மட்டும் அறுந்திருந்தால், சர்வர் உள்ளே உயிரோடு உட்கார்ந்துகொண்டு லைன் எப்போது வரும் என்று காத்திருக்கும். வந்த உடனே பேசத் தொடங்கிவிடும். அந்த நேரத்தில் இங்கே இன்னொன்று பேசிக்கொண்டிருந்தால் வெட்டு.

இதைச் சொன்னேன். கோவிந்தனுக்கும் இது தெரியும். தெரிந்த விஷயமே நெருக்கடியில் தெரியாததாகிவிடும். போன்கள் வரத் தொடங்கிவிட்டன. பெங்களூர் நிறுவனத்திலிருந்து ஒருவர் பேசினார். இன்னொரு சர்வர் தயாராக இருக்கிறது என்றுதானே எங்களை நம்ப வைத்தீர்கள், பிறகு எதற்கு அது என்று கேட்டார். கேள்வியில் நியாயம் இருந்தது. கோவிந்தன் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டு, போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிப் பக்கம் போனார். யாரிடம் பேசினார் என்று நான் கவனிக்கவில்லை.

அவர் திரும்பி வந்து சிறிது நேரத்தில் திம்மராஜ் கூப்பிட்டான். போனை மேசைமேல் வைத்து இருவரும் கேட்கும்படி செய்தேன்.

"அக்கா, ஆஃப் ஆயிருச்சுங்க. நீங்க அங்க ஆன் பண்ணிக்கலாங்க."

கோவிந்தன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கீபோர்டுக்கு அருகில் வந்தார். நான் போனிலிருந்து வரும் சத்தத்தைக் கவனித்துக்கொண்டிருந்தேன். அந்த அறை எனக்குப் பழக்கம். சர்வர் ஓடினால் விசிறிச் சத்தத்தில் ஆள் பேசுவதே சரியாகக் கேட்காது. நின்றுவிட்டால் சுவரில் பல்லி கத்துவதுகூடக் கேட்கும். போனில் எனக்குக் கேட்டது தண்ணீர் பாய்கிற சத்தமும் லாரி ஹார்னும்.

"திம்மா, எங்க நிக்கற?"

"இங்கதானுங்க அக்கா."

"இங்கன்னா?"

லாரி ஹார்ன் மறுபடியும் அடித்தது.

"உன்னைத் திட்டறதுக்குக் கேக்கல தம்பி. நீ என்ன பாத்தியோ அத மட்டும் எங்கிட்ட சொல்லு."

"ஊருக்கே கரண்ட் இல்லைன்னு எதுத்தாப்ல வந்தவங்க சொன்னாங்க. இன்வெர்ட்டரும் இந்நேரத்துக்கு உக்காந்திருக்குமுங்க."

"நீ பாத்தியா?"

"இல்லீங்க." என்றான். "ஓடையில தண்ணி ரோட்டு மேல போவுது. வண்டி எறங்காதுங்க அக்கா."

கோவிந்தன் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார். பையன் பொய் சொன்ன கோபம் என்று நினைத்தேன்.

"சரி. தண்ணிக்குள்ள எறங்காத. பெரிய வண்டி ஏதாச்சும் போனா ஏறிப் போ. இல்லைன்னா அங்கயே நில்லு. எறங்காத, கேக்குதா?" என்றேன். தக்காளி ஏற்றப் போகும் லாரி ஒன்று பின்னால் நிற்கிறது, கேட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தான். ஓடையைத் தாண்டினால் போனுக்கு லைன் இல்லை என்பது எங்களுக்குத் தெரியும்.

அடுத்து நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

கோவிந்தன் சொன்னார்: "ஊருக்கே கரண்ட் இல்லைன்னா அது மட்டும் எப்படிக்கா ஓடும்? இன்வெர்ட்டர் பழசு. எத்தனை நேரம் தாங்கும்? எழுப்புங்க."

"நான் எழுப்ப மாட்டனுங்க சார்."

"நான் சொல்றேன்ல, பொறுப்பு என்னுது."

"பொறுப்பு உங்களுதுதான். காசு ஸ்டெல்லா டீச்சரோடதும் உங்க சித்தப்பாவோடதும். உங்களுக்கும் பாஸ்வேர்டு இருக்குது, நீங்க எழுப்பறதா இருந்தா எழுப்புங்க. நான் பைய எடுத்துட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போயிடறேன்."

இதை நான் துணிச்சலாகச் சொன்னேன் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு முறை வேலை போய்த் திரும்பவும் கிடைத்தவளுக்கு இன்னொரு முறை போனால் என்ன ஆகும் என்று தெரியும். ஆனால் கணக்கு எனக்குத் தெளிவாக இருந்தது. சும்மா இருந்தால் சொட்டுச் சொட்டாகப் போகும். நாளைக்கு ஒழுங்காக ஓடினால் ஈடுகட்டிவிடலாம். எழுப்பி, அது தவறாகப் போனால் ஈடுகட்ட வழியே இல்லை. இந்த இரண்டு இழப்பும் ஒரே தராசில் வைக்கக் கூடியவை இல்லை. போன் அடிக்கும்போது மட்டும் இரண்டும் ஒன்று போலத் தெரியும்.

"சரி, அவன் போய்ச் சேரட்டும். பாக்கலாம்" என்றார்.

காத்திருந்தோம். மழை தருமபுரிக்கும் வந்தது. பெங்களூரிலிருந்து மறுபடியும் போன். இந்த முறை அந்த ஆள் சத்தம் போட்டது எனக்கே கேட்டது. வைத்துவிட்டு கோவிந்தன் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தார். பாஸ்வேர்டை அடித்தார். சர்வரை எழுப்பும் கட்டளையையும் அடித்தார். கடைசி விசையை மட்டும் தட்டாமல், விரலை அதன் மேல் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் சரி என்று சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. என் கண் பக்கத்துத் திரையில் இருந்தது.

அந்தத் திரையில் ஒரு வேலிடேட்டர் பேசியது. அதையடுத்து இன்னொன்று. பிறகு வரிசையாக எல்லாம்.

நாங்கள் எதையும் தொடவில்லை. தருமபுரி சர்வர் உறங்கிக்கொண்டுதான் இருந்தது. மாரண்டஹள்ளி சாகவில்லை; அங்கிருந்து எங்கள் சாவிகள் நெட்வொர்க்கில் பேசிக்கொண்டிருந்தன.

"சார், கையை எடுங்க" என்றேன்.

அவர் விரலை எடுத்தார். அடித்த கட்டளையை ஒவ்வோர் எழுத்தாக அழித்தார். பிறகு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பின்னால் போய்ச் சுவரில் சாய்ந்துகொண்டார்.

சற்றுப் பொறுத்துத் திம்மராஜ் கூப்பிட்டான்; அந்த ஊருக்குப் போன் லைனும் திரும்பியிருந்தது. இந்த முறை போனில் விசிறிச் சத்தம் காதை அடைத்தது. கத்தித்தான் பேசினான்.

"அக்கா, ஓடிட்டு இருக்குதுங்க. உள்ள வந்து என் கண்ணால பாக்கறனுங்க. நெட்டு லைட்டும் எரியுது. பிளக்கைப் புடுங்கிடட்டுங்களா?"

"வேண்டாம். ஒண்ணையும் தொடாத. கையை எடுத்துட்டு வெளிய வா."

"தொடலீங்க அக்கா, தொடலீங்க." அவன் அழுதுகொண்டிருந்தான்.

மறுநாள் நேராக என்னிடம் வந்து வேலையை விட்டுவிடுகிறேன் என்றான். ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். பயந்துட்டனுங்க அக்கா, தப்பு என்னுதுதான் என்றானே தவிர வேறு எதுவும் சொல்லவில்லை. கோவிந்தன் தன் அறையில் இருந்தார். வெளியே வரவே இல்லை. போய் வேலையைப் பார் என்று அவனை அனுப்பிவிட்டேன். எனக்கு உள்ளே ஒரு நெருடல் இருந்தது. ஓடைக்கு இந்தப் பக்கம் மாட்டிக்கொண்டவன், தாண்ட முடியவில்லை என்று சொன்னால் யாரும் அவனைக் கடிந்துகொள்ளப் போவதில்லை. பொய் சொல்ல அவனுக்கு என்ன அவசியம் வந்தது?

பதில் கம்பைநல்லூரில் கிடைத்தது.

பிணை கட்டியவர்களை அவ்வப்போது கூட்டிப் பேசுவது கோவிந்தன் வழக்கம். அந்த முறை ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் கூட்டியிருந்தார். அவருடைய சொந்தக்காரர்கள், பக்கத்து ஊர்க்காரர்கள், தருமபுரியிலிருந்து பஸ்ஸில் வந்த ஸ்டெல்லா டீச்சர். திம்மராஜ் கை கழுவும் இடத்துக்கு அருகில் நின்றான். மழையில் லைன் அறுந்தது, வந்துவிட்டது, சிறு கழிவு மட்டும்தான் என்று நான் சுருக்கமாகச் சொன்னேன். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. கேட்கும்படி எதுவும் நடக்கவும் இல்லை.

நான் உட்கார்ந்த பிறகு கோவிந்தன் எழுந்தார்.

"அக்கா பாதிதான் சொன்னாங்க. மிச்சத்த நான் சொல்றேன். அன்னைக்கு அந்த மெஷின் நின்னு போச்சுன்னு திம்மராஜ் போன்ல பொய் சொன்னான். அப்படிச் சொல்லச் சொன்னது நான்தான். ஊர்ல கரண்ட் இல்லைன்னா நின்னுருக்கும், நின்னுருச்சுன்னே அக்காகிட்ட சொல்லிடு, இல்லைன்னா அவங்க எழுப்ப மாட்டாங்கன்னு மாடிப்படியில நின்னு அவனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அக்கா நம்பியிருந்தா இன்னைக்கு உங்க அத்தனை பேரோட பிணையும் வெட்டுப்பட்டிருக்கும்."

அவருடைய சித்தப்பாதான் முதலில் பேசினார்.

"ஒண்ணும் போவலையேடா. அப்பறம் எதுக்கு இத எங்ககிட்ட சொல்ற?"

"போயிருந்தா மழை மேல பழியைப் போட்டிருப்பேன் சித்தப்பா. போவாததனாலதான் எனக்கு இத சொல்ற தைரியம் வந்துச்சு."

சித்தப்பா தலையை ஆட்டிக்கொண்டார். சம்மதமா, வருத்தமா என்று தெரியவில்லை. முன்வரிசையில் இருந்த இரண்டு பேர் எழுந்து வெளியே போனார்கள். பிறகு அவர்கள் தங்கள் பிணையை எடுத்துக்கொண்டார்கள். பெங்களூர் நிறுவனமும் போய்விட்டது. அந்த நிறுவனம் போனதற்குக் காரணம் கோவிந்தன் ஒப்புக்கொண்டது இல்லை, அன்றைக்கு நாங்கள் எழுப்பாமல் விட்டது. எழுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எவ்வளவோ விளக்கிச் சொன்னோம். நடக்காத ஒன்றை ஒருவருக்குக் காட்டிப் புரிய வைப்பது கடினம். இந்தத் தொழிலில் சரியாக எடுத்த முடிவுக்குப் பல நேரம் அடையாளமே இருக்காது. நம்முடைய தாமதம் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். அதற்கு இப்போதே மனத்தைப் பழக்கிக்கொள்ளுங்கள்.

கூட்டம் கலைந்தபோது ஸ்டெல்லா டீச்சர் நேராகத் திம்மராஜிடம் போனார். மற்றவர்கள் எல்லோரும் அவனை விட்டு விலகிச் சுற்றிப் போனார்களே தவிர நின்று பேசவில்லை.

"அவர் சொல்லச் சொன்னதாலதான் நின்னுருச்சுன்னு சொன்னே. அப்பறம் அந்தம்மா கேட்டதும் ஏன் மாத்திச் சொன்னே?" என்று வகுப்பில் கேட்பது போலவே கேட்டார்.

"அவங்க நின்னுச்சானு கேக்கலீங்க டீச்சர். என்ன பாத்தேனு கேட்டாங்க. அதுக்குப் பொய் வரலீங்க."

டீச்சர், "சாப்பிட்டியா?" என்று கேட்டு, பந்தியில் தன் பக்கத்து இலையில் அவனை உட்கார வைத்தார். அவருடைய பிணை எங்களிடமே இருந்தது.

ஸ்லாஷிங் இரக்கமற்ற தண்டனை என்று சிலர் எழுதுகிறார்கள். தெரிந்து செய்ததா, தெரியாமல் செய்ததா என்று அது கேட்பதில்லை என்பது உண்மைதான். காரணம் கேட்கத் தொடங்கினால் எல்லோரிடமும் ஒரு மழை இருக்கும். ஆகவே நெட்வொர்க் அப்படித்தான் இருக்க முடியும். ஆனால் அதையே பார்த்து நாமும் அலுவலகத்துக்குள் அப்படி நடந்துகொள்ளக் கூடாது என்பது என் கருத்து. ஒருவன் தவறான தகவல் சொல்கிறான் என்றால், அவனுக்கு மேலே இருந்து யாரோ அழுத்துகிறார்களா என்று முதலில் பாருங்கள். கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டுப் பாருங்கள். திம்மராஜை அன்றே வேலையை விட்டு அனுப்பியிருந்தால் எங்களுக்கு உண்மை தெரிந்திருக்காது. நல்ல ஆள் ஒருவனையும் இழந்திருப்போம்.

கம்பைநல்லூரிலிருந்து திரும்பிய மறுநாள் காலையில் கோவிந்தன் என் மேசைக்கு வந்தார்.

"அக்கா, அந்த ரெண்டாவது சர்வர எழுப்பறதுக்கு உரிமை இருக்கற ஆளுங்க பேர்ல இருந்து என் பேர எடுத்துடுங்க."

"கம்பெனியே உங்களுது சார்."

"அதனாலதான். நெட்வொர்க்கு என்னைத் தண்டிக்கல. யாராச்சும் தண்டிக்கணும்ல."

எடுத்தேன். ஒருவர் நேரில் பார்த்துச் சொன்ன பிறகு, இன்னும் இரண்டு பேர் சேர்ந்து ஒப்புக்கொண்டால்தான் எழுப்ப முடியும் என்று மாற்றினோம். இப்போது நீங்களும் அப்படித்தான் செய்கிறீர்கள். அது ஏதோ புத்தகத்தில் இருந்து வந்த விதி என்று உங்களில் சிலர் நினைத்திருக்கலாம்.

அதற்குப் பிறகும் லைன் அறுந்திருக்கிறது, போன்கள் அடித்திருக்கின்றன. கோவிந்தன் பதறிக்கொண்டு ஓடி வருவார். என் நாற்காலிக்குப் பின்னால் நின்று திரையைப் பார்ப்பார். கை பரபரக்கும், இரண்டு கைகளையும் பேன்ட் பைக்குள் விட்டுக்கொள்வார். "பாத்துட்டாங்களாக்கா?" என்று மட்டும் கேட்பார். இன்னும் இல்லை என்றால் அப்படியே நிற்பார். நான் வேலையை விட்டு வந்த நாள் வரைக்கும் தன் பெயரைத் திரும்பச் சேர்க்கச் சொல்லி அவர் ஒரு முறைகூடக் கேட்கவில்லை.